இருபத்திரண்டாயிரம் ரூபாய்க் குடம்

நன்னிலம் பக்கத்து வாய்க்கால் தெருவில், யார் வீட்டில் என்ன சண்டை என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் எல்லார் காதும் மேகலா வீட்டுப் பக்கம்தான் இருந்தது.

குறுவை அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் வந்திருந்தது. மேகலாவின் அம்மா கலைமகள், தன் தம்பி கல்யாணத்துக்கு ஒரு திருபுவனம் பட்டுச்சேலை கேட்டார். கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா புகழேந்திக்கோ புது செல்போன் வேண்டும். கையில் இருந்த போனில் ஒரு குறையும் இல்லை. எதிர்வீட்டு நல்லக்கண்ணு மூன்று கேமரா வைத்த போன் வாங்கிவிட்டார்; அதுதான் குறை.

“சேலை வருஷம் முழுக்க பீரோவுல தூங்கும். போன் தினமும் உழைக்கும்ல?” என்றார் அப்பா.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைய ரசத்தில் உப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருவாரூர் போய் போன் வாங்குவது என்று முடிவாயிற்று.

அம்மா பீரோவைத் திறந்து, தன் கல்யாணச் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு மூடியதைப் பதினொரு வயது மேகலா பார்த்தாள். முந்தானையில் சாம்பார்க் கறை, மடிப்பெல்லாம் கிழிசல். இனிமேல் அதைக் கட்ட முடியாது.

சனிக்கிழமை காலையில் பழைய சாமான் வாங்கும் மூஸாவின் மொபெட் தெருவுக்குள் வந்தது. முன்னால் கட்டிய ஒலிபெருக்கி, பழைய பட்டுச்சேலை, பழைய செல்போன் எல்லாம் எடுப்பதாகக் கத்தியது. பின்னால், பழசுக்குப் பதிலாகத் தர, கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள்.

மேகலாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பீரோவையும், அப்பாவின் பழைய போன் கிடந்த மேஜை இழுப்பறையையும் திறந்தாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

“அப்பா, உங்க பழைய போனுக்கு என்ன தருவாங்கன்னு கேப்போமா?”

அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தப் போன் வந்த அன்று, தெருவே வந்து டீ குடித்துவிட்டுப் போனது. எப்படியும் சில ஆயிரம் தேறும் என்று அவரே முன்னால் நடந்தார். நல்லக்கண்ணுவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

மூஸா போனைத் திருப்பிப் பார்த்தார். “பேட்டரி உப்பிடுச்சுங்கண்ணே. ஒரு குடம் தரேன்.”

“குடமா?” அப்பாவின் குரல் கீச்சென்று வந்தது. “இருபத்திரண்டாயிரம் குடுத்து வாங்கினதுங்க.”

“அது வாங்கினப்பங்க.”

அப்பா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். “மூடி?”

“மூடிக்கு இன்னொரு போன் வேணுங்க.”

அப்போதுதான் மேகலா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த சேலையை நீட்டினாள். மூஸா கறையைப் பார்க்கவே இல்லை. சரிகையைக் கல்லில் உரசினார், ஒரு சொட்டுத் திரவம் விட்டார், குனிந்து பார்த்தார்.

“பதினோராயிரம் தரலாம் பாப்பா.”

அந்தச் சேலை வாங்கிய விலை ஒன்பதாயிரம். அப்பா பதிமூன்று வருஷமாகச் சொல்லிப் புலம்பியதில் தெருவுக்கே அது மனப்பாடம். நல்லக்கண்ணு தன் மூன்று கேமரா போனைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் விட்டார்.

“என் சேலை!”

ரேஷன் பை கீழே கிடந்தது. அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

மேகலா சட்டென்று சேலையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “விக்கலம்மா. விலைதான் கேட்டேன். சொல்லாம எடுத்தது தப்புதான்.”

“எல்லாச் சேலையும் இந்த விலை போகாதுங்க,” என்றார் மூஸா. “இது அசல் வெள்ளிச் சரிகை.”

அம்மா சேலையை வாங்கி மெதுவாக மடித்தார். அப்பா, போனுக்குக் கிடைத்த குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார். யாரையும் பார்க்காமல் கேட்டார்: “திருபுவனத்துல அசல் சரிகை எந்தக் கடையில கிடைக்கும் கலை?”

மறுநாள் காலையில் திருவாரூர் பேருந்து வந்து நின்று, காத்திருந்து, போயிற்று. மூவரும் சாலையின் எதிர்ப்பக்கம், திருபுவனம் போவதற்காகக் கும்பகோணம் பேருந்துக்கு நின்றிருந்தார்கள்.

அந்த மூடியில்லாக் குடம் இன்னும் அவர்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. யாராவது புதுப் போனை நீட்டிக் காட்டினால் அப்பா விலையைக் கேட்பதில்லை.

“இது எத்தனை குடம்?” என்றுதான் கேட்கிறார்.