உள்ள இருக்கியா, அம்மா?

அவளை யாரும் எழுப்பவில்லை.

கண் திறந்ததும் அதுதான் முதலில் உறைத்தது. தடித்த திரைச்சீலையின் ஓரத்தில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருக்க, மழை ஓய்ந்த ஈரச்சுவரின் வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வர, சமையலறைக் குழாயில் சொட்டும் தண்ணீரும் பிரிட்ஜின் முனகலும் தனித்தனியாகக் காதில் விழும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது. காலையில் படுத்தவள் சாயங்காலம் விழிக்கிறாள். பிள்ளை பெற்றதிலிருந்து அப்படியொரு தூக்கம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. அப்பாடா என்று இன்னொரு முறை புரண்டுகூடப் படுத்தாள். பாவம், அந்த ஒரு புரளலுக்காக அவளை யாரும் திட்ட வேண்டாம்.

அப்புறம்தான் அந்த அமைதி இடித்தது. நாலு வயது மகள் இருக்கிற வீடு இப்படி இருக்காதே!

வாண்டு என்று மகளுக்குப் பேர் வைத்தது எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. பொருத்தமான பேர்தான். அம்மா கண்ணை மூடினால் அந்த வாண்டுக்குப் பொறுக்காது. மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து, பிசுபிசுத்த விரல்களால் இமையைப் பிரித்து, "அம்மா, உள்ள இருக்கியா?" என்பாள். நீல டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் சிவப்பு டம்ளர் வேண்டும். சிவப்பில் கொடுத்தால், நீலத்தில் இருந்த அதே தண்ணீர் வேண்டும். காலுறையின் தையல் விரலில் உறுத்துகிறது என்று ஒரு அழுகை, ஷூ மாட்ட வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஆர்ப்பாட்டம். உரிக்கையில் வாழைப்பழம் ஒடிந்துவிட்டாலோ தீர்ந்தது கதை. தரையில் விழுந்து உருண்டு, "ஒட்டு! ஒட்டிக் குடு!" என்று ஊரைக் கூட்டுவாள். அப்பனுக்குக் கப்பலில் வேலை. எப்போதாவது போனில் வந்து, "சின்னப் புள்ளதானே, விடு" என்பான். நடுக்கடலில் இருப்பவனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவான்.

அவளுக்கு ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இரவு வேலை. பதறியடித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம், "பதறாதீங்க, லைன்லயே இருங்க, இணைக்கிறேன்" என்று ராத்திரி முழுக்க இதமாகப் பேசிப் பேசி, விடிந்து வீடு வரும்போது அந்தக் குரலில் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. ராத்திரி அக்காவின் பொறுப்பில் இருந்த வாண்டு, காலையில் புதுத் தெம்போடு வாசலில் நிற்பாள். அந்நியர்களுக்கெல்லாம் கொடுத்ததுபோக மீந்த குரல்தான் பெற்ற பிள்ளைக்கு. "சும்மா இரு. உசுர வாங்காதே. செத்த நேரம் தூங்க விடு."

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் அந்த போன் விளையாட்டு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய போன் அது. மகள் விளையாடட்டும் என்று எடுத்து வந்திருந்தாள். வயரை முழ நீளத்தில் வெட்டியிருந்தார்கள், நுனியில் செம்புக் கம்பி பிதுங்கி நிற்கும். சாப்பாடு இறங்காத ஒரு நாளில் அதைக் காதில் வைத்து, "ஹலோ, பூச்சாண்டிங்களா? இங்க ஒரு பாப்பா சாப்பிட மாட்டேங்குது. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். வாண்டு கப்சிப். தட்டு காலி. பூச்சாண்டியைக் கூப்பிடாத அம்மா எங்கே இருக்கிறாள்? ஆனால் மற்றவர்கள் சும்மா மிரட்டிவிட்டு விடுவார்கள். இவளுக்குத் தொழில் பழக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நிறுத்துவாள், எதிர்முனை பேசி முடிக்கும்வரை காத்திருப்பாள், "அப்படியா, சரிங்க" என்பாள். வயர் வெட்டிய போனில், பதில் சொல்ல ஒருவருக்கு இடம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தாள், நாள் தவறாமல்.

இன்று காலையும் வாழைப்பழம் ஒடிந்தது. வாண்டு அலறினாள். தலைக்குள் ஆணி அடிப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. போனை எடுத்தாள். "வாங்க. இப்பவே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு வேணாம்."

அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளை மெதுவாகக் கேட்டாள். "நான் அங்க போனா, நீ தூங்குவியா?"

"தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்து படுத்தாள்.

இப்போது எழுந்து உட்கார்ந்தாள். "வாண்டு?"

குழாய் சொட்டியது.

கூடத்தில் விளக்கைப் போட்டாள். காலை வைத்தால் குத்தும் கட்டைகளும் பொம்மைச் சக்கரங்களும் தரையில் இல்லை. அத்தனையும் சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தது. நீல டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது, பக்கத்தில் சிவப்பு டம்ளர். கழுவும் தொட்டி வாண்டுக்கு எட்டாது. மேஜையில் வாழைப்பழத் தோல் மட்டும் கிடந்தது. ஒடிந்த பழத்தைச் சத்தமில்லாமல் சாப்பிட்டிருக்கிறாள், இல்லை, யாரோ சாப்பிட வைத்திருக்கிறார்கள்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரிக்குள், குளியலறைக் கதவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள். "கண்ணு, ஒளிஞ்சது போதும், வந்துடும்மா. அம்மா திட்டவே மாட்டேன்." ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள், அவளே எம்பிப் போடும் தாழ்ப்பாள், காலையில் போட்டபடியே உள்பக்கம் பூட்டியிருந்தது.

வாசலோரம் ஷூ இல்லை.

தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து எதிர்க்கதவைத் தட்டினாள். அக்கா கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள்.

"அக்கா, வாண்டு இங்க வந்தாளா?"

"வரலியே. ஏன்டி, இப்படி வேர்த்திருக்கு உனக்கு?"

"காணோம்க்கா. வீடு முழுக்கத் தேடிட்டேன். காணோம்."

"என்னடி சொல்ற? மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்களே! மெஷின நிறுத்திட்டுக் கேட்டுட்டுல்ல இருந்தேன். அவ்ளோ பொறுமையா பேசிட்டு இருந்த. 'வாடா கண்ணு, ஷூ போட்டுக்கலாமா, தையல் உறுத்தாம அம்மா போட்டு விடறேன்'னு. பரவாயில்லையே, இன்னைக்கு இவளுக்கு நல்ல தூக்கம் போலன்னு நினைச்சேன்."

"நான் பேசலக்கா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"நான் தூங்கிட்டிருந்தேன்."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். டேப்பை உருவி எறிந்துவிட்டு, "நீ வீட்லயே இரு, புள்ள திரும்பி வந்தா ஆள் வேணும்" என்று படியிறங்கி ஓடினாள். "வாண்டு! ஏய் வாண்டு!" என்ற குரல் மாடி மாடியாக இறங்கித் தெருவுக்குப் போனது.

அவள் கூடத்துக்குத் திரும்பினாள். இருட்டிக்கொண்டு வந்தது. குழாய்ச் சொட்டு நின்றிருந்தது. போட்ட விளக்கு அணைந்திருந்தது, பிரிட்ஜும் நின்றிருந்தது. ஆனாலும் ஏதோ முனகியது. மெல்லிய இரைச்சல். ராத்திரி முழுக்க அவள் காதில் இருக்கும் இரைச்சல். யாரோ பேசுவதற்கு முன்னால் லைனில் கேட்குமே, அது.

போன் தரையில் கிடந்தது. ரிசீவர் தனியாக.

வெட்டிய வயர் பக்கத்தில் சுருண்டிருந்தது.

அவள் மண்டியிட்டாள். எடுத்தாள். காதில் வைத்தாள்.

இரைச்சல். தூரத்தில் காலடி. சின்னக் காலடி. ஷூ போட்ட காலடி.

பிறகு அந்தக் குரல். "அம்மா, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்டா!" என்று இவள் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இருக்கேன் கண்ணு. எங்கயும் போகல."

அவளுடைய குரல். களைப்பில்லாத குரல். ராத்திரியெல்லாம் ஊருக்குக் கொடுக்கிற குரல்.

"பழம் ஒடிஞ்சிடுச்சு" என்றாள் வாண்டு, அழுகைக்குத் தயாராகி.

"குடு. ஒட்டித் தரேன்."

பிறகு பிள்ளை சிரித்தாள். கலகலவென்று. அந்தச் சிரிப்பை இவள் கேட்டு எத்தனை நாளாயிற்று?

"வாண்டு! கண்ணு! அம்மாடா! நான்தான்டா அம்மா! அது யாரு? அது கிட்ட போகாதே! வந்துடு, என் தங்கமில்ல, வந்துடு! அம்மா தூங்க மாட்டேன், இனிமே தூங்கவே மாட்டேன்!"

சிரிப்பு நின்றது.

"அம்மா," என்றாள் வாண்டு. இவளிடம் இல்லை. "போன்ல யாரோ கத்தறாங்க."

"அது பூச்சாண்டி, கண்ணு."

"என்னைக் கூட்டிட்டுப் போக வருதா?"

"நீ சொல்லு. போறியா?"

"இல்ல, இல்ல! நான்தான்! வாண்டு, நான்…"

மூச்சுச் சத்தம் நெருங்கியது. பிள்ளை ரிசீவருக்குள் வாயை வைத்துப் பேசுவாள், எப்போதும் அப்படித்தான். பயந்திருந்தாள். பயந்துகொண்டே, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே, தெளிவாகச் சொன்னாள்.

"எனக்கு வேணாம்."

"சமத்து. வா, படுத்துக்கோ." துணி சரசரத்தது. தட்டிக்கொடுக்கும் சத்தம். மெதுவாக. பொறுமையாக.

கீழே தெருவில் அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் அசையவில்லை. ரிசீவரை வைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்திருந்தது.

"ஹலோ," என்றது அவளுடைய குரல், இப்போது அவளிடமே. "பதறாதீங்க. லைன்லயே இருங்க."

இருந்தாள். இருட்டில், மண்டியிட்டபடி, ரிசீவரைக் காதோடு இறுக்கி. வெட்டிய வயர் முழங்காலில் உரசியது. அந்தப் பக்கம் வாண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், சீராக, நீளமாக.

தூங்கிவிட்டாள்.