பட்டியலில் மூன்றாவது பெயர்

வீட்டில் வைபையில் இணைந்திருந்த கருவிகள் இரண்டு. கனிசியஸின் லப்டொப், அவனுடைய போன். றவுட்டர் காட்டிய பட்டியல் மூன்று என்றது.

பிற்பகல் மூன்றரை. றவுட்டருக்குப் புது மென்பொருள் ஏற்றி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பழையது எதையும் காட்டாது, எதையும் மாற்றவிடாது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்துபோகும். புதியது, முன்பின் தெரியாத யார் யாரோ எழுதி, எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இலவசமாக விட்டது. அதில் வைபை அலையின் வலுவைக் கடைசி மட்டத்துக்கு ஏற்றியிருந்தான். நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து வீடியோவில் வேலைக்கான நேர்முகம். இதுவும் கைவிட்டுப்போனால் தை மாதம் அவன் மீன்பிடிக்கப் படகில் ஏற வேண்டும். அண்ணை பிரகாஸ் போன அதே படகில். ஐந்து கிழமைக்கு முன் மண்டைதீவுப் பக்கம் ஆளில்லாமல் மிதந்ததைக் இங்கே, குருநகர்க் கரைக்கு இழுத்து வந்து கட்டியிருந்தார்கள்.

மூன்றாவது கருவியின் பெயரைப் பார்த்தான். பிரகாஸ்.

அந்தப் போனுக்கு அந்தப் பெயரை வைத்துக் கொடுத்தவனே அவன்தான்.

"எந்த நாயடா எடுத்து வைச்சிருக்கிறது?" என்றான் வாய்விட்டு. பயத்துக்கு முன் கோபம் வந்தது. கோபம் வசதியாக இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயால் காற்று ஊதி, பலூன்போல உப்பவைத்து முடிச்சுப் போடுவார்கள். விழுந்தாலும் மிதக்கும். மிதந்து வந்ததை எவனோ பொறுக்கியிருக்கிறான்.

"என்னடா சத்தம்?" குசினியிலிருந்து அம்மா யசிந்தா கேட்டாள்.

"ஒண்டுமில்லையணை."

"வைபைக்கு அந்தப் பழைய பேர்தானே? மாத்தேல்லையே?"

"மாத்தேல்லை. எத்தினை தரம் கேப்பியள்?"

"கொண்ணை வந்தா அவன்ரை போன் பிடிக்க வேணும்."

"அண்ணை இனி வரமாட்டானணை. ஒரு பூசையைக் குடுத்து முடிப்பம் எண்டா…"

"வாயைக் கழுவடா."

உடல் கிடைக்கவில்லை. அதனால் கோயிலில் ஆத்துமாவுக்குப் பூசை இல்லை. அவன் வருவானென்று கடற்பக்கக் கதவுக்கு அம்மா தாழ்ப்பாளும் போடுவதில்லை.

பெயருக்குப் பக்கத்தில் அலையின் அளவு, கழித்தல் எண்பத்தொன்பது. பூச்சியத்தை நெருங்க நெருங்கக் கருவி கிட்ட நிற்கிறது என்று அர்த்தம். எண்பத்தொன்பது என்றால் வீதிக்கு அப்பால், கரையில். பார்த்துக்கொண்டிருக்கவே எண்பத்திரண்டு ஆனது. மழை ஓட்டில் அறைந்துகொண்டிருந்தது, அதற்குள்ளே இன்னொரு சத்தம், இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து காலில் அடிபடுவதுபோல ஒன்று, விட்டுவிட்டுக் கேட்டது. மண்ணெண்ணெயும் கரையில் ஒதுங்கிய சாதாளைக் கடற்புல் அழுகுவதும் கலந்த மணம் கதவிடுக்கால் தரையோடு தரையாக உள்ளே வந்தது.

எழுபத்திநாலு.

அண்ணை காணாமல்போன அன்று கடலுக்குப் போகும் முறை கனிசியஸினுடையது. நேர்முகம் இருக்கிறது என்று அண்ணையை அனுப்பினான். நேர்முகத்தின் நடுவில் அண்ணையின் அழைப்பு வந்தது. வெட்டினான். திரும்ப வந்தது. வெட்டினான். மூன்றாம் தரமும் வெட்டினான். வேலையும் கிடைக்கவில்லை. அந்த மூன்று அழைப்புகளையும் அன்றிரவே போனிலிருந்து அழித்தான். அம்மாவுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

அறுபத்தொன்று.

புது மென்பொருளில் வேண்டாத கருவியைத் தடுக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினான். பெயர் மறைந்தது. "போய்த் துலை," என்றான்.

பெயர் வந்தது. ஐம்பத்திரண்டு. கிணற்றடி.

தடுத்தான்.

வந்தது. நாற்பது.

பிளக்கைப் பிடுங்கினான். றவுட்டரின் பச்சை வெளிச்சங்கள் அணைந்தன. பட்டியல் உறைந்து நின்றது. சாரத்தின் சத்தமும் நின்றது.

குசினியில் கடற்பக்கக் கதவு திறந்தது.

"வந்திட்டியே ராசா," என்றாள் அம்மா. சாதாரணக் குரல். "ஏன் வாசல்லை நிக்கிறாய்? உள்ளுக்கு வாவன்."

கனிசியஸ் குசினிக்குப் போனான். அம்மா கையில் துவாய். வாசலில் ஒருவரும் இல்லை. படியில் ஒரு பொலித்தீன் பை. பாசி படர்ந்தது. முடிச்சு இறுக்கமாக. உள்ளே வெளிச்சம்.

அவன் கையிலிருந்த போன் அடித்தது.

அண்ணை.

விரல் பழக்கத்தில் வெட்டியது.

பைக்குள் வெளிச்சம் அணைந்தது. அம்மா குனிந்தாள். பையைத் துவாயால் துடைத்தாள், பிள்ளையின் தலையைத் துடைப்பதுபோல. தூக்கிக் காதில் வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு மூண்டு தரம் எடுத்தவனாமேடா."

அவள் கன்னத்தோடு ஒட்டியபடி பை சுருங்கியது. உப்பியது. சுருங்கியது. உப்பியது.