பால்பொடி நிறைஞ்சிருக்கு

மாலை விளக்கு மஞ்சளானதும் எங்கள் நிலாக்குடியில் ஒவ்வொரு வீட்டு அடுப்படிச் சுவரிலிருந்தும் நிரப்பி என்ற இயந்திரம் பேசும். "இன்று என்ன குறை?" என்று கேட்கும். சமையலுக்குப் பொறுப்பு என்று பதிந்தவர் மட்டுமே பதில் சொல்லலாம். அவர் குரல் சொன்னது குழாய்வழி வந்துவிடும். சொல்லாதது வராது. வீட்டுக்குள் எட்டிப் பார்க்க நிரப்பிக்கு அனுமதி கிடையாது. அதற்குக் காது மட்டும்தான்.

அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் கணக்கெல்லாம் ஆங்கிலத்தில். நாம் "இல்லை" என்ற ஒரே சொல்லை வைத்துக் காலத்தை ஓட்டுகிறோம். நிரப்பி விடாது. இருக்க வேண்டியது இல்லாவிட்டால் லேக். இருந்தும் போதாவிட்டால் ஷார்ட்டேஜ். இருந்தது தொலைந்தால் மிஸ்ஸிங். வேறெங்கோ இருந்துகொண்டு இங்கே இல்லாவிட்டால் ஆப்சென்ஸ். சுரங்கத்துக்குப் போயிருக்கும் என் அண்ணன் எங்கள் வீட்டுப் பதிவில் ஆப்சென்ஸ். ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் வேகம் வேறு. பகலெல்லாம் காற்றுவடிகட்டிகளைக் கழுவிவிட்டு, இந்தச் சொற்களைப் படிக்கத்தான் மாலை வகுப்புக்குப் போகிறேன். எழுதிவைத்தால் எனக்குத் தெளிவாக இருக்கிறது. வாயைத் திறந்தால் குழம்பிவிடுகிறது.

அண்ணனின் மனைவி ஆவுடை மதினி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கடைசி விண்கப்பலில் கைக்குழந்தையோடு வந்தார். சமையல் பொறுப்பு அவர் பெயரில் பதிவானது. வந்த வாரமே சிக்கல். நிரப்பி குறை கேட்டபோது அவர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு கரண்டிகூடத் தேறவில்லை.

"பால்பொடி நிறைஞ்சிருக்கு," என்றார்.

"பால்பொடி, முழு இருப்பு," என்று சொல்லி நிரப்பி விளக்கை அணைத்துக்கொண்டது.

"மதினி, இல்லைன்னு சொல்லணும்."

"மடியில பிள்ளைய வச்சிக்கிட்டு அடுப்படியில அந்த வார்த்தையச் சொல்லவா? எங்க வீட்டுல ஒரு சாமான் தீந்துட்டா நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். உங்க மெசினுக்கு இதுகூடத் தெரியாதாக்கும்."

மறுநாளும் அப்படியே சொன்னார். மறுநாளும் வரவில்லை. தாய்ப்பால் போதவில்லை, தெருவில் கடன் கேட்க வேறு கைக்குழந்தை உள்ள வீடும் கிடையாது. அங்கே இங்கே சுரண்டிக் கரைத்த பால் தண்ணீராகிக்கொண்டே வந்தது. குழந்தையின் அழுகையும் அதோடு மெலிந்தது.

"இங்கிலீஷ்ல சொல்லிருங்க மதினி. லேக்."

அன்று மாலை நிரப்பி கேட்டதும், "பால்பொடி லேக்," என்றார்.

"ஏரிகள் நிலவில் வழங்கப்படுவதில்லை," என்றது நிரப்பி.

ஆங்கிலத்தில் குறைக்கும் ஏரிக்கும் வாயைத் திறக்கும் அளவுதான் வித்தியாசம்; தப்பு என் உச்சரிப்பில்தான். மதினி சிரிக்கவில்லை. "அந்த லேக்குக்கு என்ன அர்த்தம்?"

சொன்னேன்.

"அப்ப அதே வார்த்தைக்குச் சட்டை மாட்டிக் கூட்டியாந்திருக்க. போ பேச்சி."

வகுப்பில் டெய்சி டீச்சரிடம் கேட்டேன். "வீட்டு வழக்குன்னு ஒரு சொல்லை வீட்டுல யாரு வேணாலும் பதியலாம்மா. ஆனா இங்கிலீஷ்ல குறுக்குக் கேள்வி கேக்கும். பொய்னு முடிவு பண்ணிட்டா வீட்டுக் குரலையே முடக்கிடும். தாங்குவியா?"

பின் இருக்கையிலிருந்து தவசி, "ஏரி வந்தா சொல்லு, படகு நான் கொண்டாரேன்," என்றான். வகுப்பே சிரித்தது.

தாங்குவேனா என்று எனக்குத் தெரியவில்லை. குரல் முடங்கினால் பால்பொடி மட்டுமல்ல, எதுவுமே வராது. ஆனால் வீட்டில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். மதினியிடம் நடக்கக்கூடியதையெல்லாம் சொன்னேன். "கேளு," என்றார்.

நிரப்பி முன் நின்று, 'நிறைஞ்சிருக்கு' என்பதை வீட்டு வழக்காகப் பதியச் சொன்னேன். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்.

"முழுமை என்பதற்கு வெறுமை என்று பொருளா?" என்றது நிரப்பி.

"இந்த வீட்டில், ஆம்."

"அப்படியானால் அது லேக்."

வாயை நன்றாக விரித்துச் சொன்னேன். "லேக், கை காலி என்பதோடு நின்றுவிடும். இது வரப்போவதையும் சேர்த்துச் சொல்லும்."

"வராததை வந்ததாகச் சொல்வது பொய்."

மதினியைப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் புரியாமல், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"பொய் என்றால் கேட்பவர் ஏமாற வேண்டும்," என்றேன். "எங்கள் ஊரில் இதைக் கேட்டு யாரும் ஏமாறுவதில்லை. உடனே கடைக்கு ஓடுவார்கள்."

இரண்டு இடத்தில் இலக்கணம் தவறிவிட்டது என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நிரப்பியின் விளக்கு சிமிட்டியது. பிறகு, "புதிய வகை. பெயர்?" என்றது.

"முன்சொல்."

"பதிந்தேன். நிறைஞ்சிருக்கு: உடனடித் தேவை."

குழாய் அப்போதே தடதடத்தது. டப்பாக்கள் வந்து விழுந்தன. மதினி பாலைக் கெட்டியாகக் கரைத்தார். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். குடித்து முடித்து அவன் ஏப்பம் விட்டதும் மதினி என் தலையில் கை வைத்தார்.

"எம் மனசு நிறைஞ்சிருக்கு பேச்சி."

சுவரில் விளக்கு எரிந்தது. "மனம். உடனடித் தேவை. எத்தனை அனுப்ப?"

மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மடியில் பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஏலே, இந்த வீட்டுல ஒரு குறையும் இல்ல. போ, போய் வேற வீட்டைப் பாரு."