வெள்ளை உடுப்பில் விழுந்த கரி

பொத்தென்று வந்து சக்தாவின் மார்பில் விழுந்தது ஒரு வெள்ளைச் சட்டை.

"பாருங்க சார்! எத்தனை கரிப்பொட்டுன்னு எண்ணிச் சொல்லுங்க!"

ஒரதாய்க்கு மூச்சு வாங்கியது. ராயோங் நகரில், ரசாயன ஆலைச் சுவரை ஒட்டிய தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள். நாளைக் காலை கோயிலில் விரதம் இருப்பவர்களுக்கு முப்பது வெள்ளை உடுப்பு... கொடியில் கிடந்த அத்தனையிலும் கரி! ஆலையின் உயரக் குழாய் உச்சியில் தீ கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது.

"பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துறோங்க. மிச்ச வாயுவை எரிச்சுத்தான் ஆகணும். முன்கூட்டியே வீடு வீடா நோட்டீஸ்..."

"யார் கையில குடுத்தீங்க? சொல்லுங்களேன்! வாயில என்ன, ஒட்டரிசிச் சோறு ஒட்டிக்கிச்சா?"

தெருவே சிரித்தது. ஆலைக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் வேலை சக்தாவுக்கு. பையில் கையை விட்டான்... அவள் முகத்தைப் பார்த்தான்... கையை வெறுமனே எடுத்துக்கொண்டான்.

"தப்பு என்னோடதுதான். முப்பதையும் நானே துவைச்சுத் தர்றேன்."

சாயங்காலம்வரை துவைத்தான். மறுநாள் காலை ஊர் ஒலிபெருக்கியில் மன்னிப்பும் கேட்டான். "நாளையிலிருந்து இந்தத் தெருவுக்கு வேற ஆள் வருவார்..."

ஒரதாய் உதட்டைச் சுழித்தபடி, உடுப்புகளுக்கு நடுவே வைக்கப் பழைய தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். ஆலை முத்திரை. நிறுத்தும் தேதி. 'துணி காயப்போட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில்!

தேதியை இன்னொரு முறை பார்த்தாள்.

இரண்டு வாரம் முன்பு... கொட்டும் மழை... தாளோடு வாசலில் வந்து நின்றவனுக்குத் தலைக்கவசம், முகமூடி, நடுவில் இரண்டே கண்கள். ஈரம் சொட்டும் இமைகள். அவன் என்னவோ சொன்னான். காட்டிய இடத்தில் இவள் கையெழுத்துப் போட்டாள்.

அவனா இவன்? அந்தக் கையெழுத்துத்தான் நேற்று அவன் பையில் இருந்ததா? நீட்டியிருந்தால் தெரு இவளைப் பார்த்தல்லவா சிரித்திருக்கும்!

காது மடல்வரை எரிந்தது. ஒலிபெருக்கி இருந்த ஊர்த்தலைவி மாலியின் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, மைக்கைக் குடுங்க."

"என்னடி, இன்னும் திட்டணுமா?"

"நான் ஒரதாய்," ஒலிபெருக்கியில் அவள் குரல் கிளம்பியது. "சலவைக்கடை. நோட்டீஸ் எனக்கு வந்துச்சு. கையெழுத்தும் போட்டேன். சக்தா சார் மேல தப்பே இல்ல. அவரை மாத்தாதீங்க..."

"கையெழுத்துப் போட்டவ ஏன்டி படிக்கல?" மாலியின் கேள்வியும் ஊருக்கே கேட்டது.

ஒரதாய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நோட்டீஸை எங்க பார்த்தேன் அக்கா... அவர் கண்ணைல்ல பார்த்துட்டு நின்னேன்."

எங்கோ ஒரு தட்டு விழுந்த சத்தம். விசில். ஒரதாய் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினாள்.

கடை வாசலில் சக்தா நின்றிருந்தான். முகமூடி இல்லை. அதே கண்கள்... அவளால்தான் நிமிர முடியவில்லை.

அவன் ஒரு தாளை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்ட தாள். "பின்பக்கம் பாருங்க. இந்தத் தடவையாவது படிங்க."

திருப்பினாள்.

'அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கும் ஞாபகம் இல்லை. நானும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

தலை குனிந்தபடியே, ஒரு எழுத்து விடாமல், மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"கையெழுத்து... எங்க போடணுங்க?"