மாலதியின் குரல்

"கேமரா தாத்தாவைப் பாக்குது. கேமராவுக்கு அந்தப் பக்கம் யாரும்மா உக்காந்திருக்கா?"

மகள் சுடர்விழி முன்பொரு நாள் கேட்டபோது, "நான்தான்டி," என்று சிரித்தாள் மாலதி.

இன்று பிற்பகல், வலங்கைமான் ரைஸ்மில் அலுவலகத்தில், அவியும் நெல்லின் வாசம் சன்னல் வழியே கனத்து இறங்க, இயந்திரங்களின் ஓயாத உறுமலுக்கு நடுவே அவள் போனைத் திறந்து பார்த்தாள். வீட்டில் அப்பாவின் கட்டிலைப் பார்த்தபடி வைத்திருந்த கேமரா கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பியது அவள் இல்லை.

நினைவு தப்பிக்கொண்டிருந்த அப்பா ரெங்கசாமிக்காக வைத்த கேமரா அது. அதன் வழியே அவள் குரல் சொன்னால்தான் சாப்பிடுவார், மாத்திரை போடுவார். மஸ்கட், சிங்கப்பூர் என்று சிதறிய சொந்தங்களும் அவரைப் பார்க்கட்டுமே என்று பாஸ்வேர்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். நாற்பத்திரண்டு பேர். குலதெய்வத்தின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அன்பினால் செய்ததுதான். அன்புள்ள வீட்டுக்கும் தாழ்ப்பாள் வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ஹமீதா பானு மூன்று முறை சொல்லிவிட்டாள். "மாத்திடுங்கக்கா. அஞ்சு நிமிஷ வேலை. உங்க போனுக்கு நம்பர் வந்தாத்தான் திறக்கிற மாதிரி நானே வச்சுத் தரேன்."

"எங்க வீட்ல திருட என்ன இருக்கு? அப்பாவோட பொடி டப்பாதான். மில்லுல சீசன் முடியட்டும் ஹமீதா."

படத்தில் அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். எதற்கோ தலையாட்டினார்.

மாலதி பேசும் பொத்தானை அழுத்தினாள். "அப்பா, எங்க கிளம்பிட்டீங்க?"

"நீதானம்மா சொன்ன. தண்ணி வந்துடுச்சு, மடையைத் திறந்துவிடுங்கன்னு."

வயலை விற்று ஒன்பது வருடம். கொல்லைக்கு அப்பால் குடமுருட்டி ஆறுதான். இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அது நான் இல்ல. உக்காருங்க."

அவர் கேமராவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "நீ இப்படிச் சொல்லுவேன்னும் அவ சொன்னா."

"யாரு?"

"மாலதி."

திரை கறுத்தது. பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. மறுபடி. தவறு.

ஹமீதாவை அழைத்தாள். ஓடினாள்.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து கழுத்தளவு ஆற்றில் தேடிய ஹமீதாவின் பாதத்தைக் கண்ணாடிச் சில்லு பிளந்திருந்தது. கிடைத்தது வேட்டி மட்டும்.

மாலதி கேமராவைப் பிடுங்கினாள். ஒயரை அறுத்தாள். பரணில் எறிந்தாள்.

பதினோராம் நாள் மதியம். நடக்க முடியாத ஹமீதா தன் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆளில்லை. மாலதி குழாயில் தண்ணீர் பிடித்து, அவள் வீட்டுக் குடங்களை ஒவ்வொன்றாய் நிரப்பி, சத்தமில்லாமல் மூடினாள். யாருக்கும் சொல்லப்போவதில்லை. அவளால் முடிந்தது இவ்வளவுதான்.

திரும்பித் தன் வீட்டு வாசற்படியில் கால் வைத்தாள்.

உள்ளே பரணிலிருந்து ஒரு குரல். பரிவான குரல். அவளுடைய குரல்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் இறங்குங்க."

நீர் களகளத்தது. பிறகு, மூச்சிரைக்க, மிகவும் பணிவாக:

"வரேம்மா."