விரல் பிடித்தவள்

பகவதி ஒவ்வொரு எழுத்தையும் சொல்வதற்கு முன்னால் சற்று நிறுத்தினாள். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்த தாணம்மாளின் காதில் முதலில் உறுத்தியது அந்த நிறுத்தம்தான். மறந்துபோய்த் திக்குகிற பிள்ளையின் நிறுத்தம் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லி முடிக்கக் காத்திருந்து பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்களே, அந்த மாதிரி. உள்ளறையிலிருந்து "அ" என்றாள் பகவதி. காத்திருந்தாள். "ஆ" என்றாள்.

வீட்டில் வேறு ஆள் கிடையாது. புருஷன் சுயம்பு விடிந்ததுமே கொட்டாரம் ஊரிலிருக்கும் கடைக்குப் போய்விட்டான். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, ஐப்பசியில் வீசிய காற்று பள்ளிக்கூடத்து ஓலைக்கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதிப் பழகட்டும், நாளைக்குக் கேட்பேன் என்று ததேயுஸ் வாத்தியார் காலையில் குடையும் தானுமாக வாசல் வாசலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தாணம்மாள் இந்த வீட்டுக்கு இரண்டாந்தாரம். மூத்தவள், பகவதியைப் பெற்ற செல்லக்கனி, விஷக்காய்ச்சலில் போன பிறகு வந்தவள். வந்த நாள் முதல் பகவதிக்குத் தலை வாரினாள், பேன் பார்த்தாள், காய்ச்சல் வந்தால் கண் விழித்துக் கிடந்தாள். பிள்ளை கூப்பிடுவது என்னவோ 'சின்னம்மை' என்றுதான். அந்தச் 'சின்ன' என்றைக்கு உதிரும் என்று தாணம்மாள் காத்துக் கிடந்தாள். செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிறு எரியத்தான் செய்தது.

செல்லக்கனி நாலு வகுப்பு படித்தவள். தாணம்மாளுக்குத் தன் பெயர்கூட எழுத வராது. காலையில் பகவதி தன் அம்மையின் பழைய சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தபோது, துடைத்துத் தருகிற சாக்கில் தாணம்மாள் அதை வாங்கிக் கைநழுவ விட்டாள். நழுவவில்லை, விட்டாள். சிலேட்டு உடைந்து சிதறியது. பிள்ளை அழவில்லை. கடலை வறுக்க வைத்திருந்த மணலை எடுத்துப்போய் உள்ளறைத் தரையில் பரப்பி உட்கார்ந்துகொண்டது.

"இ." காத்திருப்பு. "ஈ." அப்புறம் ஒரு சிரிப்பு. தன்னிடம் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை என்பது தாணம்மாளுக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு மணம் வந்தது. மழை ஈரத்தையும் அடுப்புப் புகையையும் விலக்கிக்கொண்டு, செம்பருத்தி இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் மணம். தாணம்மாள் எண்ணெய் காய்ச்சுவதே இல்லை. அவள் தலைக்கு வெறும் தேங்காயெண்ணெய்தான். இந்த வீட்டில் இலை போட்டுக் காய்ச்சித் தேய்த்தவள் ஒருத்திதான்.

கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சன்னல் பலகை சாத்தியிருந்த உள்ளறை பட்டப்பகலிலும் மங்கிக் கிடந்தது. பகவதி மணலுக்கு முன்னால் சம்மணமிட்டு வலது கையை நீட்டியிருந்தாள். ஆள்காட்டி விரல் மணலில் நகர்ந்தது. அதன் நுனி வெளுத்துப்போய் இருந்தது, யாரோ இறுக்கிப் பிடித்து இரத்தம் நின்றதுபோல. விரல் நின்றதும் நுனி மெல்லச் சிவந்தது.

"ஏட்டி, ஆருகிட்ட பேசுத?"

"படிக்கேன் சின்னம்மை."

"ஆரு சொல்லித் தாறா?"

"எனக்க அம்மை." பகவதி தலை நிமிரவில்லை. "வெரலப் பிடிச்சாத்தானே மணல்ல எழுத முடியும். ஒங்களுக்குத்தான் எழுத்து தெரியாதுல்லா."

எழுதியதை வாசித்தாள். உள்ளங்கையால் மணலை வழித்துச் சமமாக்கினாள். "பொறவு தொடச்சிரணும். கொஞ்சம்கூட மிச்சம் இருக்கப்பிடாது. இருந்தா அடுத்தது எழுத வராதாம்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். தாணம்மாளுக்குப் பயத்தையும் மீறிப் பொறாமை தலை தூக்கியது. எழுத்து எனக்கும் வந்துவிட்டால் பிள்ளைக்கு அவள் எதற்கு?

"தள்ளி இரி மக்கா. எனக்கும் சொல்லித் தரட்டும்."

விரலை மணலில் வைத்தாள். ஒன்றும் இல்லை. ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம். கொல்லையில் வாழை இலை கிழிகிற சத்தம். அசட்டுத்தனமாக இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது எண்ணெய் மணம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. கிணற்றுக்குள் கிடந்த கயிறுபோல ஈரமும் குளிருமாக ஒரு கை அவள் கையை மூடியது.

விரல் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை.

"தா," என்று வாசித்தாள் பகவதி. காத்திருந்தாள். "ண... ம்... மா... ள்." சிரித்தாள். "ஒங்க பேரு, சின்னம்மை."

தாணம்மாள் தன் பெயரை முதன்முதலாகப் பார்த்தாள். இவ்வளவு அழகாகவா இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பயம்கூட மறந்தது.

அந்தக் கை அவள் உள்ளங்கையை விரித்து மணலில் படுக்க வைத்தது. துடைத்தது.

'தா' போயிற்று. அஞ்சுகிராமத்தில் பிறந்த வீடு. வாசல் எந்தப் பக்கம்? நினைவுக்கு வரவில்லை. 'ண' போயிற்று. பெற்றவளின் முகம். இல்லை. 'ம்'. கையை இழுத்தாள். அசையவில்லை. 'மா'. கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை.

ஓரத்தில் 'ள்' மட்டும் மிச்சம். கை நின்றது. அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஒடுங்கிக் கிடந்தாள்.

முகம் பிள்ளையின் பக்கம் திரும்பியது. அவள் திருப்பவில்லை.

"மக்கா," என்றது வாய். இழுத்துப் பேசுகிற, இளகிய குரல்.

பகவதி அந்த முகத்தையே பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன.

"அம்மை," என்றாள். "வந்தியா?"

'சின்ன' உதிர்ந்துவிட்டது.

கை நீண்டு பிள்ளையின் விரலைப் பிடித்தது. நுனி வெளுத்தது.

"அடுத்தது எழுதுவமா மக்கா?"

"இரி அம்மை, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்ற பகவதி, குனிந்து, தன் சின்ன உள்ளங்கையால் அந்த 'ள்'ளையும் துடைத்தாள்.