குதிரைக்கல் இறக்கம்

"ஆறு கல்லைப் பிடிச்சாச்சு. ஏழாவது கல் மலையில இருக்கா, இல்ல காகிதத்துல மட்டும்தான் இருக்கான்னு இன்னைக்குப் பார்த்துடுவோம்!"

சொல்லிக்கொண்டே நளாயினி பழைய நில அளவை வரைபடத்தின் நகலைச் சைக்கிளின் ஹேண்டில் பாரில் மாட்டினாள். திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவள் அவள். ஜவ்வாது மலை ஊர்களில் நிற்கும் நடுகற்களையெல்லாம் கோத்து ஒரு சைக்கிள் பாதை அமைக்க வேண்டும் என்பது அவளுடைய கனவு. அதற்காக மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஆள் ஜெபராஜ். மின்கம்பம் ஏறும் லைன்மேன். ஆறடி உயரம், கணீர்க் குரல்.

மூன்றாவது ஆள் வஹிதா. வாணியம்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்; வயது இருபத்தெட்டு. ஏற்றத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. இறக்கம்தான் அவளுக்கு ஆகாது. இரண்டு வருடங்களுக்கு முன் மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஆமை மாதிரி, எல்லோருக்கும் கடைசியாகத்தான் வருவாள்.

"இந்தப் புள்ளிக்கோட்டைப் பாரு வஹிதா," என்றாள் நளாயினி. "மேல்சிலம்பையிலிருந்து மேற்கால கீழ்ச்சிலம்பைக்கு இறங்குது. அஞ்சு கிலோமீட்டர். நடுவுல 'குதிரைக்கல்'னு எழுதியிருக்கு. இது மட்டும் கிடைச்சா, போன ரோட்லயே திரும்பி வர வேண்டியதில்ல. வட்டம் முடிஞ்சிடும்!"

"தார் ரோட்டுல சுத்தினா?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப கிளம்புங்க!" என்று பெடலை மிதித்தார் ஜெபராஜ்.

வளைவுக்கு மேல் வளைவாகச் சாலை ஏறியது. கியரைக் குறைத்து, மூச்சை அளந்து மிதித்தார்கள். ஐந்தாவது வளைவில் குரங்குக் கூட்டம் ஒன்று ஜெபராஜின் பையிலிருந்த கடலை மிட்டாயைப் பறித்துக்கொண்டு ஓடியது. ஒன்பதாவதில் தூறல் பிடித்தது. சாமை வயல்களும் பலா மரங்களும் மேகத்துக்குள் மறைந்து மறைந்து தெரிந்தன. வழியில் ஒரு சிற்றூரில், வாளும் கேடயமுமாக நின்ற பழைய வீரனுக்கு யாரோ அன்று காலை பறித்த செம்பருத்தியைச் சூட்டியிருந்தார்கள்.

மேல்சிலம்பையில் முப்பது வீடுகள் இருந்தன. வாசலில் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்த வெள்ளச்சி என்ற பெண்ணிடம் விசாரித்தார்கள்.

"குதிரைசாமியா? இருக்குதே! வருசத்துக்கு ஒருக்கா பொங்க வைக்கப் போவோம்," என்றாள் அவள். "அதுக்கு அந்தாண்ட வழி இருந்திச்சாம். வெள்ளத்துல ஓடைப்பாலம் போனதிலேருந்து யாரும் எறங்கறதில்ல. உண்ணிச்செடி மூடிக்கெடக்கும். எனக்கே தெரியாது, போனா எங்க முட்டும்னு."

"காட்டுறீங்களா?"

"வாங்க. ஆனா சத்தம் போடாதீங்க. பாறையில தேன் கட்டியிருக்குது."

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் நுழைந்தார்கள். கால் மணி நேரத்தில் வெள்ளச்சி ஒரு கொடியை விலக்கினாள். நளாயினியிடமிருந்து ஒரு கேவல் மட்டும் வந்தது. ஆளுயரக் கல், அதில் முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை, அதன் மேல் ஈட்டி ஏந்திய ஒருவன். கீழே தேய்ந்த எழுத்துகள். கல்லுக்குப் பின்னாலிருந்து, பதித்த கற்களோடு ஒரு பாதை சரிந்து கீழே போனது!

"இருக்கு! வழி இருக்கு!" என்று நளாயினி வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

ஜெபராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. "மேலேருந்து பார்த்தா எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும்," என்று பக்கத்துப் பாறையில் ஏறிவிட்டார். கம்பம் ஏறிப் பழகிய கால். வெள்ளச்சி "வேணாம்ண்ணா!" என்று பதறுவதற்குள் பாறை விளிம்பு பெயர்ந்து, அடியிலிருந்த தேனடையின் மேல் விழுந்தது.

காடே இரைந்தது. கறுத்த புகை போல மலைத்தேனீக்கள் எழுந்து அவர் தலையைச் சூழ்ந்தன. குதித்தார், உருண்டார், ஓடினார். வெள்ளச்சி தன் போர்வையை அவர் மேல் வீசிக் கீழே அமுக்கினாள். ஒருவழியாகத் தேனீக்கள் அடங்கியபோது, ஜெபராஜின் கழுத்திலும் முகத்திலும் ஐம்பது கொட்டுக்குக் குறையாமல் இருந்தது.

வஹிதா கொடுக்குகளை நகத்தால் வழித்துக்கொண்டே அவர் முகத்தைக் கவனித்தாள். உதடு தடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பியது.

"தங்கச்சி... தொண்ட அடைக்குது," என்றார். கணீர்க் குரல் கம்மிப் போயிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இது வெறும் வலியில்லை, உயிரைக் குடிக்கும் ஒவ்வாமை. "ஊசி போடணும். சீக்கிரம் போடணும். பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க?"

"கீழ்ச்சிலம்பையில புதுசா கட்டியிருக்காங்க. பஸ்ஸு மத்தியானந்தான்," என்றாள் வெள்ளச்சி. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை.

தார் ரோட்டில் முப்பத்தொரு கிலோமீட்டர். இந்த வழியில் ஐந்து. ஆனால் இது பாதியில் நின்றுவிட்டால்? வஹிதா ஈரக் கற்களைப் பார்த்தாள். வலது தோள் விண்ணென்றது. நளாயினிக்கு முழங்கால் தகராறு; பாலம் போன ஓடையில் சைக்கிளைத் தூக்கிக் கடக்க முடியாது.

"நான் போறேன். அக்கா, நீங்க ஊரைக் கூப்பிட்டு இவரைத் தூளி கட்டித் தூக்கிட்டு இதே வழியில வாங்க. நான் எதிர்ல டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

"வழி இல்லேன்னா?" என்று அவள் கையைப் பிடித்தாள் நளாயினி.

"இருக்கும்க்கா. குதிரை இறங்கியிருக்கில்ல!"

முதல் நூறு மீட்டர் பிரேக்கை விடவேயில்லை. ஈரக் கல்லில் பின்சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. 'இப்படிப் பிடிச்சாத்தான் விழுவேன்' என்று அவளுக்கே தெரிந்தது. விரலைத் தளர்த்த மனம் வரவில்லை. ஜெபராஜின் தடித்த உதட்டை நினைத்தாள். ஒரு விரலைத் தளர்த்தினாள். பிறகு இன்னொன்றை. கண்ணைச் சக்கரத்திலிருந்து எடுத்துத் தூரத்தில் வைத்தாள். சைக்கிள் தானாகவே நேரானது.

குதிரைக்காகப் போட்ட பாதை. செங்குத்தாக இல்லாமல் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. உண்ணிச்செடி கையைக் கீறியது. ஓரிடத்தில் வேர் தடுக்கி முழங்கை சிராய்த்தது. எழுந்தாள், ஏறினாள். அப்புறம் ஓடை வந்தது. பாலத்தின் இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. நடுவே முழங்கால் அளவு தண்ணீர் சீறியது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "யா அல்லாஹ், வழுக்காம இருக்கணும்," என்று முணுமுணுத்தபடி கடந்தாள். அக்கரையில் புதர் குறைந்தது; மாட்டுச் சாணம் கிடந்தது; பிறகு மண்பாதை, பிறகு சிமெண்ட் சாலை! மூன்று வளைவுகள் கண்முன் விழுந்தன. அவள் குனிந்து, பிரேக்கை விட்டாள். காற்று காதில் ஊதியது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் செந்தாமரை டீ டம்ளரோடு நின்றிருந்தார். வஹிதா மூச்சிரைக்கச் சொன்னதைப் பாதிதான் கேட்டார். உள்ளே ஓடி மருந்துப் பெட்டியோடு வந்தார். பால் ஊற்ற வந்திருந்தவர் கேனை இறக்கிவைத்துவிட்டு மொபெட்டைத் திருப்பினார். "ஏறுங்கம்மா! ஓடை வரைக்கும் நான் மாடு மேய்க்கப் போற வழிதான்."

வஹிதா பின்னால் மிதித்தாள். இப்போது ஏற்றம், அது அவளுடைய ராஜ்ஜியம். ஓடைக்கரையில் மொபெட் நின்றபோது அவளும் அங்கே இருந்தாள்.

எதிர்க்கரையில் ஆளரவம் கேட்டது. மூங்கிலில் கட்டிய போர்வைத் தூளி. நான்கு பேர் சுமக்க, வெள்ளச்சி முன்னால் அரிவாளால் புதரை வெட்டிக்கொண்டே வந்தாள். டாக்டர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அங்கேயே, ஈரமணலில், ஜெபராஜின் தொடையில் ஊசி இறங்கியது.

நளாயினி அவருடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இழுத்துக்கொண்டிருந்த மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. வீங்கிய இமைக்குள்ளிருந்து ஒரு கண் திறந்தது.

"குதிரையைப் படம் எடுத்தீங்களா?"

நளாயினி அழுதுகொண்டே சிரித்தாள். "எடுக்கலடா பாவி!"

வஹிதா கரையில் உட்கார்ந்து சிராய்த்த முழங்கையைக் கழுவினாள். தூளி சுமந்து வந்த ஒருவர் கீழே மரங்களுக்கிடையில் தெரிந்த சுகாதார நிலையத்தின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ கிட்டவா இருந்திச்சு?" என்றார்.

மறுவாரமே மேல்சிலம்பைக்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கீழ்ச்சிலம்பைக்காரர்கள் எதிரிலிருந்து ஏறினார்கள். ஓடையில் மரப்பாலம் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து நாற்பது சைக்கிள்கள் ஏழு நடுகற்களின் வட்டத்தை முதன்முதலாகச் சுற்றின. முன்னால் நளாயினி; நடுவே, தேனடை இருக்கும் இடத்தில் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லிக்கொண்டு ஜெபராஜ்.

வஹிதா கடைசியாகத்தான் இறங்கினாள். பயம் போய்விடவில்லை. அது கூடவே வந்தது. ஆனால் பிரேக் இப்போது அவள் கையில் இருந்தது, பயத்தின் கையில் இல்லை. ஒரு திருப்பத்தில் வெள்ளச்சி, காய்ச்சல் கண்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வஹிதா சைக்கிளை ஓரங்கட்டி வழிவிட்டாள்.

"நீ முன்னால போ கண்ணு," என்றாள் வெள்ளச்சி. "நான் மெதுவா நடந்தாலே போதும். இதோ வந்திடுச்சில்ல ஆஸ்பத்திரி."